வெளியே வராத சகலை

நாலாம் வகுப்போடு ஸ்கூலை விட்டவன் நான். கூலிக்குக் களிமண் மிதித்த காலோடு விருத்தாசலத்தில் சொந்தமாகப் பீங்கான் பொம்மைப் பட்டறை போட்டேன். பொம்மைகளை வைக்கோலில் சுற்றிப் பையில் போட்டுக்கொண்டு திட்டக்குடி, சேலம் என்று கடை கடையாக ஏறி இறங்கினேன். இன்று என் பொம்மை போகாத ஊர் இல்லை.

அதே தொழில் செய்யும் என் சகலையோ இடத்தை விட்டு நகரமாட்டார். வியாபாரிகள் காரில் அவரைத் தேடி வந்தார்கள். பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும். அவர் பஸ் ஏறுவதை நிறுத்தியபோது பணத்திமிர் என்றேன். பிறகு மாசிமகத் தேருக்கும் வரவில்லை. கல்யாண வீடுகளில் கதவோரமாக உட்கார்ந்து பாதியில் எழுந்து போய்விடுவார். பால் வாங்கப் போனாலும் மனைவி கூட வர வேண்டும். ராஜாவுக்குத் துணைக்கு ஆள் வேண்டுமாம் என்று சிரித்தேன்.

போன வருடம் அவர் மகளுக்கு ஸ்ரீமுஷ்ணம் கோயிலில் கல்யாணம் நிச்சயமானது. பத்திரிகை வைக்கக் கொழுந்தியாள் மட்டும் வந்தாள்.

"ஏன், தொரை என் வூட்டுப் படி ஏறுனா கால் தேஞ்சிடுமா?" என்றேன்.

தட்டைக் கீழே வைத்துவிட்டு அழுதாள். "திமிரு இல்ல மாமா. தெருமுனை தாண்டுனா நெஞ்சு படபடன்னு அடிச்சிக்குது, வேர்த்துக் கொட்டுது, உசுரு போயிடும்ங்கறாரு. இதயத்துல ஒண்ணுமில்லன்னுட்டாங்க. வெளிய போறதுக்கே பயப்படுற நோயாம். இப்பதான் வைத்தியம் ஆரம்பிச்சிருக்குது. அவரால வர முடியலன்னா நீங்களும் அக்காவுந்தான் தாரை வார்த்துக் குடுக்கணும்."

எனக்கு உள்ளுக்குள் இனித்தது. பெற்றது இரண்டும் ஆண்பிள்ளைகள். அந்த இடம் எனக்கு வேறு எங்கே கிடைக்கப்போகிறது?

கல்யாணத்தன்று காலையில் அவரைக் கூட்டிப்போக அவர் வீட்டுக்குப் போனேன். பட்டு வேட்டியோடு கார்க் கதவைப் பிடித்துக்கொண்டு சகலை நின்றார். சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. மூச்சு வாங்கியது.

"கண்ணாடிய எறக்கி வுட்டுக்கலாம்யா. எங்க சொல்றியோ அங்க நிறுத்தச் சொல்றேன், ஏறு" என்றேன்.

ஒரு காலை உள்ளே வைத்தார். உடனே எடுத்துவிட்டார். "நீங்களே குடுத்துட்டு வாங்கண்ணே" என்றார். அந்த முகத்தைப் பார்த்துத் திமிர் என்று எவனாலும் சொல்லமுடியாது.

மணவறையில் நானும் என் மனைவியும் உட்கார்ந்தோம். என் கையில் இருந்த பெண்ணின் கை சில்லென்றிருந்தது. அவள் என்னைப் பார்க்கவே இல்லை. கோயில் வாசலில் ஒவ்வொரு கார் வந்து நிற்கும்போதும் எட்டிப் பார்த்தாள். எனக்காக யாரும் அப்படிக் காத்திருந்ததில்லை. வராத அந்த மனிதர்மேல் அப்போதும் எனக்குப் பொறாமையாகத்தான் இருந்தது.