ரெண்டு தடவை வந்த ஆள்

சம்பளப் பதிவையும் வேலைக் கணக்கெடுப்பையும் இணைத்துப் பார்க்க, ஆராய்ச்சியாளர்களுக்கு டீச்சரம்மா பயிற்சி கொடுக்கிறார். அந்த அறையைப் பூட்டுவது என் வேலை. ஆறு மணிக்கு சினிமா கொட்டகையில் டிக்கெட் கிழிக்க வேண்டும். இன்னொரு நாள் தாமதித்தால் வராதே என்று முதலாளி சொல்லிவிட்டார்.

ஐந்தரைக்கு முன்வரிசை மேதாவி ஒருவர் பெருமையாகச் சொன்னார்: "இணைச்ச பட்டியல்ல சில ஆளுங்க ரெண்டு தடவை வந்தாங்க மேடம். தப்புன்னு அழிச்சிட்டேன்."

டீச்சரம்மா தலையில் அடித்துக்கொண்டார். "காலையிலேர்ந்து தொண்டை கிழிய கத்துறேனே! அவங்க ரெண்டு வேலை பாக்குறவங்க சார். இதோ சாவியோட நிக்கிறாரே அண்ணன், அவரையும் அழிச்சிடுவீங்களா?"

"சாரிண்ணே," என்றார் மேதாவி.

"சாரி இருக்கட்டும். அழிச்சவங்களத் திரும்பச் சேக்காம யாரும் வெளிய போகக் கூடாது."

சேர்த்து முடிக்க ஏழு மணி ஆனது. கணக்கில் என்னைப் போன்றவர்களுக்கு இரண்டு வேலையும் திரும்பி வந்தது. கொட்டகைக்கு ஓடினேன். என் இடத்தில் வேறொருவன் டிக்கெட் கிழித்துக்கொண்டிருந்தான்.