கொலியூரில் ஒரு மீன்சட்டி

வெள்ளிக்கிழமை, காலை

ஒன்பது மணிக்கு பாரிஸின் கார் து நோர் நிலையத்தில் ஆர்.இ.ஆர் நகர ரயில் பிடித்து கார் து லியோன் நிலையத்தில் இறங்கினோம். ஆள் இரண்டு, பை நான்கு. அதில் ஒன்று குளிர்ப்பெட்டி. பாரிஸின் தமிழ்க் கடைத்தெரு லா சப்பல், எங்கள் சனம் அங்கிருந்து எங்கே போனாலும் சாப்பாட்டைக் கட்டிக்கொண்டுதான் போகும், அது புதினமில்லை. ஆனால் மீன்பிடிக் கிராமத்துக்கு மீன்பொரியல் கட்டிக்கொண்டு போன ஆட்கள் நாங்களாகத்தான் இருப்போம்.

காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் மகள் மயூரி சென் தெனி ஆஸ்பத்திரியில் தாதியாக வேலை செய்கிறாள். கூட வேலை செய்யும் மத்தியு என்ற பெடியனைக் கட்டப்போகிறேன் என்று போன வருடம் வந்து நின்றாள். "அப்பா ஓம் எண்டால்தான்" என்றும் சொன்னாள். அப்பா ஓம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. "பாப்பம்" என்றார். மாரி போய், வசந்தம் போய், ஜூன் மாதமும் வந்துவிட்டது, இன்னும் பார்த்துக்கொண்டேயிருக்கிறார்.

பெடியனின் தாய் தகப்பன் இருப்பது கொலியூரில். ஸ்பெயின் எல்லைக்குப் பக்கத்தில், மத்தியதரைக் கடலோரம். ஒரு தரம் வந்து கடலைப் பார்த்துவிட்டுப் போங்கள் என்று கூப்பிட்டார்கள். இவர் ஒரு நிபந்தனையோடு வெளிக்கிட்டார். இவர் என்றால் என் கணவர். பெயர் சொல்லிப் பழக்கமில்லை, இந்த வயதில் இனிப் பழகவும் போவதில்லை.

"இஞ்சாரும், வடிவாக் கேளும். கடல் பாக்கப் போறம், அவ்வளவுதான். அந்த வீட்டிலை நான் கை நனைக்க மாட்டன்."

எங்கள் ஆட்களுக்கு இது விளங்கும். சம்பந்தம் பேசுகிற வீட்டில், மனதில் சம்மதம் இருந்தால்தான் சாப்பிடுவது. சாப்பிட்டால் சம்மதம் சொல்லி முடிந்தமாதிரி. அதனால்தான் இடியப்பம், சம்பல், றோல்ஸ், மீன்பொரியல் என்று மூன்று நாளைக்கான சாப்பாட்டை வியாழன் முழுக்க நின்று செய்தேன். பிடிவாதம் அவருக்கு, நாரிப்பிடிப்பு எனக்கு.

வெள்ளிக்கிழமை, பின்னேரம்

பெர்ப்பினியோன் வரை அதிவேக ரயிலில் ஐந்து மணித்தியாலம். நார்போன் தாண்டினதும் தண்டவாளத்தின் இரண்டு பக்கமும் தண்ணீர். கடல்நீரேரிகளாம். நடுவில் இளஞ்சிவப்பாகப் பூநாரைகள் நின்றன. "இஞ்சாருங்கோ, பாருங்கோ!" என்று இவரைத் தட்டி எழுப்பினேன். கண்ணைத் திறந்து, "ஓம், கொக்கு" என்றுவிட்டுத் திரும்பவும் படுத்துவிட்டார். என்ன மனுசனப்பா இது!

பெர்ப்பினியோனில் சின்ன ரயிலுக்கு மாறி இன்னும் அரைமணித்தியாலம் போகவில்லை, கொலியூர். பெயருக்குள்ளேயே ஊர் இருக்கிறது என்று எனக்கு ஒரு சந்தோசம். மயூரி இரண்டு நாள் முன்னதாகவே வந்திருந்தாள். நிலையத்தில் தகப்பனைக் கண்டதும் ஓடி வந்து கட்டிப்பிடித்தாள். மத்தியு பின்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். "வணக்கம் மாமா" என்று தமிழில் சொன்னான், பாவம், எத்தனை நாள் பாடமாக்கினானோ. இவர் தலையை ஆட்டினார். குளிர்ப்பெட்டியை மட்டும் அவனிடம் கொடுக்கவில்லை.

நிலையத்திலிருந்து பத்து நிமிட நடை. சந்து திரும்பியதும் கடல் முன்னால் வந்து நின்றது. ஐயோ, என்ன வடிவு! வீடுகள் மாம்பழ மஞ்சள், ரோஸ், செங்கல் சிவப்பு, யன்னல் கதவுகள் நீலமும் பச்சையும். நான் வேலை செய்யும் புடவைக் கடையில் தீபாவளிக்கு முதல் நாள் தட்டு இப்படித்தான் இருக்கும். ஒரு தேவாலயம் கடலுக்குள் காலை நீட்டிக்கொண்டு நிற்கிறது. அதன் கோபுரம் முந்தி வெளிச்சவீடாக இருந்ததாம். விரிகுடாவின் நடுவில் பெரிய கோட்டை, மலைச்சரிவு முழுக்கத் திராட்சைத் தோட்டம். விடுதி அறையின் யன்னலைத் திறந்துவைத்துக்கொண்டு இடியப்பம் சாப்பிட்டோம்.

சனிக்கிழமை, காலையும் மாலையும்

துறைமுகத்தில் சிவப்பும் மஞ்சளும் நீலமும் பூசின மரப்படகுகள் வரிசையாகக் கட்டியிருந்தன. கோப்பி மூன்று யூரோ. கடலைப் பார்த்துக் குடிக்கிறதற்கும் சேர்த்துத்தான் என்று நினைத்துக்கொண்டேன். மத்தியுவின் தாய் சில்வி அங்கே வந்து என்னை இரண்டு கன்னத்திலும் கொஞ்சினாள். அஞ்சோவி மீன் பதனிடும் இடத்தில் வேலை செய்து ஓய்வு பெற்றவள். "இந்தப் படகுகள் அழகுக்கு நிக்குது. உழைக்கிற படகுகள் பக்கத்து ஊர் போர் வோந்திரிலை. என்ரை மனுசன்ரை சின்னப் படகும் அங்கைதான்" என்றாள். அவள் பேசியது பிரெஞ்சு. எனக்கு விளங்கினபடி எங்கள் தமிழில் எழுதுகிறேன்.

அடுத்த நாள் மத்தியானம் எல்லோரும் வீட்டுக்குச் சாப்பிட வரவேண்டும் என்று கையைப் பிடித்துக் கேட்டாள். நான் என்ன செய்ய? "அவருக்கு வயிறு சரியில்லை" என்று வாயில் வந்ததைச் சொன்னேன். அவளின் முகம் வாடிப்போனது. "கவலைப்படாதேங்கோ, அதுக்கேத்த மாதிரிச் செய்வம்" என்றாள்.

கடற்கரைகள் சின்னச் சின்னது. மணல் குறைவு, உருண்டைக் கல்தான். செருப்பில்லாமல் நடந்தால் ஆட வைத்துவிடும். சனம் அரைகுறை உடுப்போடு வெயில் காய, எங்கள் வீட்டுக்காரர் மடிப்புக் குலையாத நீளக் காற்சட்டையும் சப்பாத்துமாக நடுவில் குந்தியிருந்தார், வரி அறவிட வந்த உத்தியோகத்தர் மாதிரி. மத்தியு தண்ணீர்ப் போத்தல் நீட்டினான். "வேண்டாம்" என்று சொல்லித் தானே போய் ஒன்று வாங்கி வந்தார். தண்ணீரும் கணக்கில் சேர்த்தியாம்!

நான் சேலையை உயர்த்திப் பிடித்துக்கொண்டு முழங்கால் வரை இறங்கினேன். குளிர் உச்சியில் ஏறியது. மயூரியும் மத்தியுவும் தூரத்தில் நீந்திக்கொண்டிருந்தார்கள். அவள் சிரிக்கிற சத்தம் தண்ணீருக்கு மேலால் கேட்டது. என் பிள்ளை அப்படிச் சிரித்து நான் கேட்டு எத்தனை நாள்! இவரும் கேட்டிருக்க வேண்டும். திரும்பிப் பார்த்தேன், சப்பாத்தைக் கழற்றிப் பக்கத்தில் வைத்திருந்தார்.

வெயில் இறங்கின பிறகு துறைமுகச் சுவரில் நாங்கள் இரண்டு பேரும் மட்டும் இருந்தோம். இனிப் பொறுக்கேலாது என்று கேட்டேவிட்டேன்.

"பெடியனிலை என்ன குறை கண்டனீங்கள்?"

"அவனிலை ஒரு குறையுமில்லை."

"பேந்தென்ன?"

"நான் இந்த நாட்டுக்கு வந்த நாளிலையிருந்து றெஸ்ரோறண்ட் குசினியிலை நிண்டு பிரெஞ்சுக்காரருக்குச் சமைச்சுக் குடுத்திருக்கிறன். அவையின்ரை சாப்பாட்டுக் கோப்பை கழுவியிருக்கிறன். ஒரு நாளும் அவையின்ரை மேசையிலை ஆளோட ஆளா இருந்ததில்லை. என்ரை பிள்ளை அந்த வீட்டுக்குப் போனால், நான் அங்கை போய் எந்தப் பக்கத்திலை நிக்கிறது? குசினியிலையோ?"

இந்த மனுசனைப் பிடிவாதக்காரன் என்று எத்தனை மாதம் திட்டியிருப்பேன். இவர் பயந்துகொண்டல்லவா இருந்திருக்கிறார். அவரின் கையைப் பிடித்துக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை, மத்தியானம்

"வயிறு சரியில்லையெண்டே இருக்கட்டும், வாறன், ஆனால் சாப்பிட மாட்டன்" என்றுதான் இவர் வெளிக்கிட்டார். வீடு படிக்கட்டுச் சந்து ஒன்றின் உச்சியில். கதவு நீலம், வாசலில் செவ்வரத்தைச் சாடி. மத்தியுவின் தகப்பன் ரெனே வாசலுக்கே வந்து கூட்டிக்கொண்டு போனார். வெயிலில் கறுத்த மனுசன். பென்சன் எடுத்தும் படகை விடவில்லையாம். அன்றைக்கும் விடிய எழும்பிக் கடலுக்குப் போய், கொண்டுவந்த மீனைத் தானே நின்று சமைத்திருந்தார். மீனும் உருளைக்கிழங்கும் அடுக்கி, உள்ளியும் மிளகாயும் குங்குமப்பூவும் போட்டு வேகவைக்கிற சட்டி. அந்தப் பக்கத்து மீனவரின் ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாடு. மூடியைத் திறந்ததும் வந்த வாசத்துக்கு எனக்கு வாயூறியது.

இவரை மேசைத் தலைப்பில் இருத்தினார்கள். முன்னால் குழைய அவித்த சோறும் கரட் மசியலும் கொண்டுவந்து வைத்தாள் சில்வி. என் பொய்க்குக் கிடைத்த பத்தியம்! இவர் "மெர்சி" சொல்லிவிட்டுக் கரண்டியைத் தொடாமல் இருந்தார்.

ரெனே நின்றபடியே எல்லோருக்கும் பரிமாறினார். பிறகு தன் இடத்தில் இருந்து, கையை மடியில் வைத்துக்கொண்டார். சில்வியும் அப்படியே. நான் கரண்டியை எடுக்கப்போய் வைத்துவிட்டேன்.

"சாப்பிடுங்கோவன்" என்றேன்.

"எனக்குப் பசியில்லை" என்றார் ரெனே. விடியக் கடலுக்குப் போன மனுசனுக்குப் பசியில்லையாம்! "விருந்தாளி சாப்பிட ஏலாமல் இருக்கேக்கை நான் எப்பிடி அவருக்கு முன்னாலை சாப்பிடுறது? பறவாயில்லை, கதைச்சுக்கொண்டிருப்பம்."

மயூரி தன் கோப்பையையே பார்த்துக்கொண்டிருந்தாள். சட்டியிலிருந்து எழும்பின ஆவி குறையக் குறைய, இவர் கதிரையில் நெளியத் தொடங்கினார். சமையற்காரனுக்குக் கண்ணுக்கு முன்னால் சாப்பாடு ஆறுவதைப் பார்த்துக்கொண்டிருப்பதைப்போல ஒரு வேதனை இல்லை. வீட்டிலும் அப்படித்தான், கறி இறக்கிவிட்டால் தொலைபேசி எடுக்கவும் விடமாட்டார்.

"இஞ்சாரும், சாப்பாடு ஆறுது" என்றார் என்னிடம், மெல்லமாக.

"ஓம், ஆறுது."

"மனுசன் தானே பிடிச்சு, தானே சமைச்சு, தானே நிண்டு எங்களுக்குப் பரிமாறுது. தானும் சாப்பிடாமல் இருக்குது."

"ஓம்."

அதற்கு மேல் நான் ஒரு சொல் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் கெடுத்திருப்பேன். இவர் கரட் மசியலை ஒரு பக்கம் தள்ளினார். வெறுங்கோப்பை ஒன்றை எடுத்து, இரண்டு கையாலும் ரெனேயிடம் நீட்டினார்.

ரெனே திகைத்துப்போனார். "வயிறு?" என்று கேட்டார்.

"சா வா, ஷெஃப்" என்றார் இவர். வயிறு நல்லாயிருக்கு, சமையல் தலைவரே என்று அர்த்தம்.

ரெனே பெரிய துண்டாகப் பார்த்துப் போட்டார். இவர் ஒரு வாய் வைத்தார், கண்ணை மூடினார், பிறகு கரண்டியை வைத்துவிட்டுக் கையால் முள் எடுத்துச் சாப்பிடத் தொடங்கினார். அதைப் பார்த்த ரெனேயும் கரண்டியை வைத்துவிட்டுக் கையை விட்டார். மயூரி எழும்பிக் குசினிக்குள் ஓடிவிட்டாள். மத்தியு பின்னால் ஓடினான்.

"மிளகாய் கூடிப்போச்சோ?" என்று ரெனே பதறினார்.

"இல்லை" என்றார் இவர். கோப்பையை வழித்துத் துடைத்துவிட்டுத் திரும்பவும் நீட்டினார்.

ஞாயிற்றுக்கிழமை, பின்னேரம் நாலு மணி

நிலையத்துக்கு எல்லோரும் வந்தார்கள். கடல்காற்று எழும்பியிருந்தது. லா சப்பலில் இந்த நேரம் கடைவாசலில் சனம் முட்டி மோதிக்கொண்டு நிற்கும். இங்கே மேடையில் எங்களைத் தவிர நாலு பேர்தான். இரண்டு தகப்பன்மாரும் தூரத்தில் நின்று கையால் மீனின் நீளம் காட்டிக் கதைத்துக்கொண்டிருந்தார்கள். பிள்ளைகள் இரண்டும் அழுது வீங்கின கண்ணோடு மேடை வாங்கில் குந்தியிருந்து சிரித்துக்கொண்டிருந்தன.

சில்வி என்னை ஒரு பக்கமாகக் கூட்டிக்கொண்டு போனாள்.

"வந்ததுக்கு நன்றி. உங்கட மனுசன் ஓம் எண்டு சொல்ல எவ்வளவு காலமும் எடுக்கட்டும். நாங்கள் பொறுத்திருப்பம். அவரை நெருக்க வேண்டாமெண்டு மத்தியுவுக்கும் சொல்லிப்போட்டன்."

"அவர் சொல்லிப்போட்டாரே" என்றேன்.

"எப்ப?"

"மத்தியானம்."

"நானும் மேசையிலைதானே இருந்தனான்! ஒரு சொல்லும் சொல்லேல்லையே."

"எங்கட ஆக்கள் சம்மதமில்லாத வீட்டிலை சாப்பிட மாட்டினம். அவருக்கு வயிறு நல்லாத்தான் இருந்தது."

சில்வி வாயைப் பொத்திக்கொண்டாள். கண் நிறைந்துவிட்டது. இவரைத் திரும்பிப் பார்த்துவிட்டுக் கேட்டாள்: "அப்ப ரெண்டாந்தரமும் வாங்கிச் சாப்பிட்டவர், அது ஏன்?"

"முதல் கோப்பை பிள்ளையளுக்கு" என்றேன். "ரெண்டாவது, உங்கட ரெனேக்கு."