மீன் வாசனை அடித்த முட்டை

பட்டுக்கோட்டைக்குத் தெற்கே எங்கள் கடற்கரையில், படகு கரை சேர்ந்ததும் முதலில் நடப்பது ஏலமாக இருக்காது. அதற்கு முன்பே, படகில் போய் வந்த ஒவ்வொருவரும் இரண்டு கை பொடிமீனை அள்ளிப் பையில் போட்டுக்கொள்வார்கள். இதற்குக் ‘கறிக்கு எடுப்பது’ என்று பெயர். காரப்பொடி, சூடை, சாளை, அன்றைக்கு எது விழுந்ததோ அது. முதலாளி அதைப் பார்க்காத மாதிரி வேறு பக்கம் திரும்பிக்கொள்வார். கூலியில் கழிக்க மாட்டார். அன்றைய குழம்பு அந்தப் பையிலிருந்துதான் வரும்.

நான் மூன்றாம் வகுப்பு படிக்கும்போது அந்தப் பழக்கம் நின்றது. நிறுத்தியவர் என் பெரியப்பா.

அவரிடம் விசைப்படகுகள் இருந்தன. அவற்றில் ஒன்றில் என் அப்பா வேலை செய்தார். அண்ணன் முதலாளி, தம்பி கூலி என்று எங்கள் வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. பெரியப்பா வாசலுக்கு வந்தால் அப்பா எழுந்து நிற்பார். அவ்வளவுதான்.

பொடிமீனுக்கு அதுவரை பெரிய விலை கிடையாது. கோழித் தீவனக் கம்பெனியின் லாரி வர ஆரம்பித்த பிறகு விலை வந்தது. நசுங்கியது, நாறியது எதுவானாலும் அரைத்துக் கோழிக்குப் போடுவதற்காகப் பெட்டி பெட்டியாக ஏற்றிக்கொண்டு போனார்கள். பெரியப்பா ஆட்களைக் கூப்பிட்டு, “இனிமே யாரும் கறிக்கு எடுக்க வேணாம்ப்பா. எல்லாத்தையும் பெட்டியில கொட்டிடுங்க. அதுக்கு உண்டானத கூலியோட சேத்துத் தந்துடுறேன்” என்றார். தரவும் செய்தார். பேச்சு மாறாத மனிதர் என்று ஊரில் அவருக்குப் பெயர். சேர்த்துத் தந்த அந்தப் பணம் ஆண்களின் சட்டைப் பையில் புறப்பட்டு, வழியில் இருக்கிற கடைகளில் எல்லாம் ஏறி இறங்கி, வீட்டுக்கு வரும்போது ஒரு பிஸ்கட் பொட்டலமாக இருந்தது. பல நாள் அதுவும் இல்லை.

ஊரில் யாருக்கும் எதுவும் குறைந்ததாகத் தெரியவில்லை. அதற்குச் சோறுதான் காரணம். நெல் விளைகிற ஜில்லா இது. எங்கள் கடலோரத்தில் நெல் கிடையாது என்றாலும் ரேஷன் அரிசிக்குக் குறைவில்லை. தட்டில் சோறு குவிந்தே இருந்தது, மேலே ரசம். குவிந்த தட்டைப் பார்த்து யாரும் பஞ்சம் என்று சொல்ல மாட்டார்கள். பிள்ளைகளுக்கு வயிறு நிறைந்தது. கையும் காலும்தான் இளைத்தன.

அந்த வருடம் சித்தி எங்கள் வீட்டில் வந்து தங்கினாள். அம்மாவின் தங்கை. சென்னையில் பொதுச் சுகாதார ஊட்டச்சத்து படித்துக்கொண்டிருந்தாள். கடைசி வருடத்தில் ஏதாவதொரு ஊரில் தங்கி, குழந்தைகளை அளந்து, வீட்டில் என்ன சாப்பிடுகிறார்கள் என்று கேட்டுப் படிக்க வேண்டும். அக்கா இருக்கிற ஊர் என்று இங்கே வந்தாள். குழாயடியில் பெண்களுக்கு ஒரே சிரிப்பு.

“சோறு திங்கிறதுக்குமா ஒரு படிப்பு? நாங்கள்லாம் படிக்காமயே திங்கிறமேடி!”

“அதான்க்கா, எப்படித் திங்கிறீங்கன்னு பாத்துக் கத்துக்க வந்திருக்கேன்” என்றாள் சித்தி. அவளுக்கு அப்போது சிரிப்பு இருந்தது.

அவளிடம் ஒரு நாடா இருந்தது. சிறு குழந்தையின் மேல்கையில் சுற்றினால் அது பச்சையிலோ மஞ்சளிலோ சிவப்பிலோ நிற்கும். பச்சை என்றால் சரி, மஞ்சள் என்றால் கவனம், சிவப்பு என்றால் ஆஸ்பத்திரி. அது என் வயதுக்கு உரியதில்லை என்று சித்தி சொல்லியும் நான் விடவில்லை; அழுது அடம்பிடித்துச் சுற்றிக்கொண்டேன். பச்சை வந்தது. பரிசு வாங்கியவளைப் போலத் தெரு முழுவதும் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

அப்புறம் தம்பிக்குச் சுற்றினாள். அவனுக்கு இரண்டு வயது முடிந்திருந்தது. நாடா சிவப்பில் நின்றது. சித்தி அதை அவிழ்த்து மறுபடி சுற்றினாள். மறுபடியும் சிவப்பு.

“என் புள்ளை மேல கண்ணு வெக்காத. அவன் வாகே அப்படி. அவங்க அப்பா மாதிரி ஒடிசல்” என்றாள் அம்மா.

“அக்கா, நேத்து இவன் என்ன சாப்புட்டான்?”

“சோறு.”

“சோத்துக்கு?”

“ரசம். மோந்து பாத்துட்டுத் தள்ளிட்டான். அப்பறம் டீயில பிஸ்கட்டு நனைச்சுக் குடுத்தேன்.”

“மீனு?”

அம்மா அவளை ஒரு மாதிரி பார்த்தாள். “நீ எந்தக் காலத்துல இருக்குற? மீனெல்லாம் லாரிக்குப் போயிடுது” என்றாள், வெயில் ஏறிவிட்டது என்று சொல்வதைப் போல.

தம்பியைச் சித்தியே பட்டுக்கோட்டை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனாள். சேர்த்துக்கொண்டார்கள். கொஞ்சம் தேறி வீட்டுக்கு வந்தான். வீட்டில் அதே சோறு, அதே ரசம். டாக்டர் முட்டையும் மீனும் பருப்பும் கொடுக்கச் சொல்லியிருந்தார். ஆஸ்பத்திரியில் கூடத் தங்கியிருந்த அம்மா எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு வந்திருந்தாள். இதற்குள் சித்தி மற்ற வீடுகளுக்கும் போயிருந்தாள். சிவப்பு எங்கள் வீட்டோடு நிற்கவில்லை. சிரிப்பு அவளிடமிருந்து போய்விட்டது.

ஒரு காலை என்னையும் கூட்டிக்கொண்டு ஏலக் கொட்டகைக்குப் போனாள். பெரியப்பா நாற்காலியில் இருந்தார். சுற்றிலும் ஆட்கள், வியாபாரிகள். லாரியில் பெட்டி ஏறிக்கொண்டிருந்தது.

“வாம்மா. டீ சாப்புடுறியா?”

“வேணாம் மச்சான். ஒண்ணு கேக்கணும். கறிக்கு எடுக்குறத மறுபடி விடுங்க. ஆளுக்கு ரெண்டு கைதான்.”

“அதுக்குத்தான் காசு குடுக்குறனேம்மா.”

“காசு வீட்டுக்கு வரல மச்சான். மீனு வந்துச்சு.”

யாரோ சிரித்தார்கள். பெரியப்பாவும் சிரித்தார். சித்தி அங்கே நிறுத்தியிருக்கலாம். படிப்பில் அவளுக்கு அதைச் சொல்லித்தரவில்லை போலும். பத்துப் பேருக்கு நடுவில், “உங்க தம்பி புள்ளையே சிவப்புல நிக்கிறான், தெரியுமா உங்களுக்கு?” என்று கேட்டுவிட்டாள். பெட்டி தூக்கிக்கொண்டிருந்த அப்பா கையில் பெட்டியோடு அப்படியே நின்றார். பெரியப்பாவின் முகம் மட்டும் மாறவில்லை.

“அப்படியா சங்கதி. செஞ்சுடுவோம்மா, நல்லபடியா செஞ்சுடுவோம்” என்றார்.

நாங்கள் ஜெயித்துவிட்டோம் என்று நினைத்து வழியெல்லாம் குதித்துக்கொண்டு வந்தேன்.

கறிக்கு மீன் வரவில்லை. அம்மன் கோயில் கொட்டகையில் பந்தல் வந்தது. மைக்செட்டு வந்தது. கைகூப்பி நிற்கும் பெரியப்பாவின் படம் போட்ட பேனர் வந்தது. ஊர்க் குழந்தைகளின் ஆரோக்கியத்துக்காக அவர் முட்டை வழங்குவதாக அதில் எழுதியிருந்தது. அண்டா அண்டாவாக முட்டை அவித்தார்கள். அந்தக் கோழித் தீவனக் கம்பெனிக்குத் தெரிந்த பண்ணையிலிருந்து வந்த முட்டை என்பதைக் கொட்டகையில் எல்லோரும் பெருமையாகவே பேசிக்கொண்டார்கள்.

முதல் முட்டை தம்பிக்கு. அம்மா நல்ல புடவை கட்டி அவனை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள். பெரியப்பா அவன் கையில் முட்டையை வைத்து, போட்டோக்காரர் ‘ஆச்சு’ என்று சொல்லும்வரை விரலை எடுக்கவில்லை. இன்று நான் பத்திரிகையில் வேலை பார்க்கிறேன். அந்த மாதிரிப் படங்கள் என் மேஜைக்கு வந்துகொண்டே இருக்கின்றன. கொடுப்பவரின் பெயர் முழுதாக இருக்கும். வாங்குகிற குழந்தைக்குப் பெயர் இருக்காது.

எனக்கும் ஒரு முட்டை வந்தது. உரித்து ஒரு கடி கடித்ததும் சத்தமாகச் சொன்னேன்:

“மீனு வாசனை அடிக்குது!”

பந்தலே சிரித்தது. பெரியப்பா மைக்கைக் கையில் வைத்துக்கொண்டே, “மீன்காரன் வீட்டுப் புள்ளைக்கு மல்லிப்பூவும் மீனு வாசனைதான் அடிக்கும். போயி கையக் கழுவிட்டு வா, தாயி” என்றார். சிரிப்பு இன்னும் கூடியது. எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

சித்தி வந்து என் கையைப் பிடித்து மோந்து பார்த்தாள். பிறகு முட்டையை வாங்கி மோந்து பார்த்துவிட்டு என் கையிலேயே திரும்ப வைத்தாள். திரும்பி நின்று பேசியபோது அவளுக்கு மைக் தேவைப்படவில்லை.

“இவ கையில ஒண்ணும் இல்ல. முட்டையிலதான் அடிக்குது. தீவனத்துல மீனு கூடிப்போனா முட்டையில வாடை வரும். இது நம்ம மீனுதான்! நம்ம புள்ளைங்க தட்டுலேருந்து எடுத்துக் கோழிக்குப் போட்டு, அது போட்ட முட்டைய ஒரே ஒரு நாளைக்குக் கொண்டாந்து குடுக்குறாங்க. அதுக்கு மைக்செட்டு வேற! நாளைக்கு என்ன குடுப்பீங்க? நாளான்னிக்கு? கேளுங்களேன், வாயத் தொறந்து கேளுங்களேன்!”

பெண்கள் தங்கள் பிள்ளைகளைப் பார்த்தார்கள், ஆண்கள் பெரியப்பாவைப் பார்த்தார்கள். அப்பா கூட்டத்துக்குள்ளிருந்து வந்து, சித்தியின் முகத்தைப் பார்க்காமல், “கெளம்பு. மத்தியான பஸ் இருக்கு” என்றார். கோபம் என்று அப்போது நினைத்தேன். மறுநாள் படகில் ஏற்றிக்கொள்வார்களா என்கிற பயம் அது.

அம்மா பந்தக்காலோரம் உட்கார்ந்து, முட்டையைப் பிட்டுப் பிட்டுத் தம்பியின் வாயில் திணித்துக்கொண்டிருந்தாள், யாராவது திரும்பக் கேட்பதற்குள் தீர்த்துவிட வேண்டும் என்பதைப் போல. அவன் விக்கினான். தண்ணீர் கொடுத்துவிட்டு மறுபடியும் திணித்தாள்.

சித்தி அன்றே போனாள். அதற்குப் பிறகு எங்கள் ஊரில் எந்தக் குழந்தையின் கையையும் யாரும் அளக்கக் கூடாது என்று பேசி முடித்தார்கள். அவள் படிப்பை வேறு ஊரில் முடித்தாள். இன்றும் உப்பளத்து ஊர்களிலும் செங்கல் சூளைகளிலும் அம்மாக்களிடம் அதே கேள்வியைக் கேட்டுக்கொண்டிருக்கிறாள்: “நேத்து இவன் என்ன சாப்புட்டான்?” தம்பி உயிரோடு இருக்கிறான். அதே கொட்டகையில் லாரிக்குப் பெட்டி ஏற்றுகிறான். புதிதாக வருகிறவர்கள் அவனைப் பள்ளிக்கூடத்துப் பையன் என்று நினைத்துக்கொள்கிறார்கள். பெரியப்பா மேல் எனக்கு இருக்கும் கோபம் அவர் செத்த பிறகும் குறையவில்லை. குறைய வேண்டும் என்று நான் விரும்பவும் இல்லை.

ஆனால் அன்றைக்கு என் கோபமெல்லாம் சித்தி மேல்தான். நல்ல விழாவைக் கெடுத்துவிட்டாள். பஸ் ஏறப் போகும்போது கூப்பிட்டாள், நான் போகவில்லை. கோயில் குழாயடியில் குந்தி, யாரோ விட்டுப்போன சோப்பால் கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினேன். மோந்து பார்த்தேன். சோப்பு வாசனை மட்டுமே இருந்தது. நிம்மதியாக இருந்தது. மிச்சமிருந்த முட்டையை எடுத்து வாயில் போட்டேன்.

மறுபடியும் மீன் வாசனை. கை இன்னும் சுத்தமாகவில்லை என்று நினைத்து மறுபடி சோப்பை எடுத்தேன்.