பளிங்கில் விழுந்த வட்டங்கள்

ஆரியசாலையில் மொத்தப் புளி வியாபாரம் செய்த அப்பா, கரமனையில் கட்டிய புது வீட்டின் கூடத்துக்கு வெள்ளைப் பளிங்குக் கல் போட்டார். எங்கள் உறவில் மற்ற எல்லோருக்கும் அப்போது சிமெண்டுத் தரைதான். குடிபுகும் பால்காய்ப்புக்கு முந்தைய நாள் காலை, அந்தத் தரையில் வட்ட வட்டமாகத் தடங்கள் தெரிந்தன. ஜன்னல் வெளிச்சத்தில் மற்ற இடமெல்லாம் மின்ன, வட்டங்கள் மட்டும் மங்கிக் கிடந்தன. அப்பா சோப்புப் போட்டுத் தேய்த்தார். மண்ணெண்ணெய் தொட்டுத் துடைத்தார். ஈரத்தில் மறைந்தவை காய்ந்ததும் திரும்பி வந்தன.

நல்ல கல்லைக் கடத்திவிட்டு மட்டமான கல்லைப் பதித்துவிட்டார்கள் என்று அப்பா முடிவு கட்டினார். கொத்தனாருக்கு ஆள் போயிற்று. பால்காய்ப்புக்கு வேட்டி கொடுப்பது வழக்கம். அதற்குத்தான் அழைப்பு என்று நினைத்து, அவர் சலவைச் சட்டையில் வந்தார்.

“எங்கவே என் கல்லு?”

“அண்ணாச்சி, சத்தியமாட்டு நீங்க தந்த கல்லுதான் இது.”

அப்பா அறைந்தார். சாமான்கள் வந்திராத கூடத்தில் அந்தச் சத்தம் இருமுறை கேட்டது. கடையில் மூட்டை தூக்குபவர்களைக்கூட அதட்டாத அப்பா. நான் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டேன். கொத்தனாரைப் படியில் உட்காரச் சொல்லிவிட்டு, குளித்துவிட்டுப் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போவதாகச் சொல்லி அப்பா உள்ளே போனார்.

அம்மா ஒரு குத்துவிளக்கைத் தூக்கிவந்து வட்டத்தின் மேல் வைத்தாள். கச்சிதமாகப் பொருந்தியது. முந்தைய நாள் அவளும் அத்தையும் குளிர்ச்சியான அந்தத் தரையில் உட்கார்ந்து, விளக்குகளைப் புளி போட்டுத் துலக்கியிருந்தார்கள். மிஞ்சிய கல் துண்டொன்றில் புளியைக் கரைத்து ஊற்றினாள். சற்று நேரம் கழித்துத் துடைத்தபோது அங்கும் பளபளப்பு போயிருந்தது. அப்பா வந்ததும் அதை நீட்டினாள்.

அப்பா கேட்ட முதல் கேள்வி: “நம்ம கடைப் புளியா?”

“வேற எந்தப் புளி இந்த வீட்டுக்குள்ள வந்திருக்கு?”

அத்தை சிரித்தாள். வேறு யாரும் சிரிக்கவில்லை.

அப்பா படிக்குப் போய், “சாப்பிட்டுட்டுப் போலாம்வே” என்றார். மறுநாளைக்கு வைத்திருந்த வேட்டியையும் நீட்டினார்.

“இருக்கட்டும் அண்ணாச்சி.”

கொத்தனார் கன்னத்தை ஒருமுறைகூடத் தடவவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கிப் போனார்.

கல்லை அவர் மாற்றவில்லை என்றுதான் தெரிந்துவிட்டதே, பிறகு ஏன் சாப்பிடாமல் போகிறார் என்று அம்மாவிடம் கேட்டேன். அவருக்காகப் போட்டிருந்த, சோறு விழாத இலையை அவள் மெதுவாக மடித்தாள்.