கருப்பையா முதலாளியும் கரைந்துபோன பிஸ்கட்டும்

செய்தி வந்தபோது நான் பிஸ்கட் தொழிற்சாலையில் மாவு பிசையும் இயந்திரத்தின் பக்கத்தில் நின்றிருந்தேன். முதலாளியின் மகள் கோமதி மிஸ்தான் போனில் பேசினார். "அப்பா போயிட்டாரு, செல்வி" என்று சொல்லிவிட்டுக் கொஞ்ச நேரம் அழுதார். பிறகு, "மாவு பிசைஞ்சாச்சா? அப்ப போறணை அடுப்பை அணைக்காதீங்க. வீணாப்போச்சுன்னா அவரு எழும்பி வந்து ஏசுவாரு" என்றார். இருவரும் அழுதுகொண்டே சிரித்தோம்.

ஹல்துமுல்லையில், கொழும்பு பஸ்கள் நிற்கும் இடத்தில் வடை விற்றுத் தொடங்கியவர் கருப்பையா முதலாளி. பதுளையில் இன்று அவருடைய பேக்கரி, லொறிகள், கராஜ், பிஸ்கட் தொழிற்சாலை எல்லாம் இருக்கின்றன. எப்படி இவ்வளவும் வந்தன என்று யாராவது கேட்டால், "அடுத்தவன் லொறிக்குக் காத்திருந்து பேக்கரியில சுட்ட பாண் காஞ்சு போச்சு, அதனால லொறி வாங்கினேன். லொறி நடுவழியில நின்னுச்சு, கராஜ் போட்டேன்" என்பார். எல்லவில் ஹோட்டல் கட்டிய காரணம் இன்னும் எளிது. "அங்க ஒருத்தன் எனக்கு ஆறிப்போன டீ குடுத்தான்." அவர் முகம் சிவந்தால் லொறி டிரைவர்கள் தங்களுக்குள், "அடுத்த கம்பெனி வரப்போகுதுடா" என்று சொல்லிக்கொள்வார்கள். அது அவர் காதிலும் விழும். மீசைக்குள் சிரிப்பார்.

நான் மடுல்சீமைப் பக்கத்துத் தேயிலைத் தோட்ட லயத்திலிருந்து கெம்பஸ் போய், உணவுத் தொழில்நுட்பம் படித்து, கோமதி மிஸ்ஸின் பிஸ்கட் பிரிவில் சேர்ந்தவள். நான் சேர்ந்தபோதே அந்தப் பிரிவு தள்ளாடிக்கொண்டிருந்தது. மூத்த மகன் பாலா சேர் அதை மூடிவிட்டு அந்த இடத்தில் கராஜைப் பெரிதாக்க நினைத்தார். "குரக்கன் மாவுல ஒரு புது பிஸ்கட் போடுறோம், அதையும் பார்த்துட்டு முடிவு பண்ணுங்க" என்று கோமதி மிஸ் கேட்டுக்கொண்டார். பிஸ்கட்டைச் செய்யும் பொறுப்பு எனக்கு வந்தது.

முதலாளியின் பரீட்சை எங்கள் எல்லோருக்கும் தெரிந்ததுதான். புது பிஸ்கட்டைப் பிளேன்டீயில் தோய்த்துக் கையில் பிடித்தபடி மேசையிலிருந்து கதவு வரை நடப்பார். உடையாமல் போய்ச் சேர்ந்தால்தான் அது கடைக்குப் போகும். "வாய்க்குப் போற வழியிலேயே விழுறதை லொறியில ஏத்தாதீங்க" என்பார்.

என் பிஸ்கட் பாதி தூரம்கூடப் போகவில்லை. தொப்பென்று பாலா சேரின் கால் சப்பாத்தில் விழுந்தது.

"சப்பாத்துக்குப் பசி போல" என்றார் முதலாளி.

"சிரிக்காதீங்கப்பா. சொன்னபடி மூடிருவோம்" என்றார் பாலா சேர்.

கோமதி மிஸ் தலையைக் குனிந்துகொண்டார். முதலாளி இன்னொரு பிஸ்கட்டை டீயில் போட்டுக் கரண்டியால் எடுத்துச் சாப்பிட்டார். "ருசியா இருக்கு. ஆனா கஞ்சியால்ல போயிருச்சு! ஏன் புள்ள?"

அந்த அறையில் நான் அதுவரை வாய் திறந்ததில்லை. "நடக்கத் தெரியாதவங்களுக்குக் குடுத்துப் பார்க்கலாங்க, ஐயா" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். எனக்குக் காது சுட்டது. "பிள்ளைக் காம்பராவுலங்க. அம்மாமார் மலைக்குக் கொழுந்தெடுக்கப் போனதும் அங்க விட்ட பிள்ளைகளுக்கு ஆயம்மா பிஸ்கட்டை ஊறவச்சு, விரலால நசுக்கித்தான் ஊட்டுவாங்க. கட்டி இருந்தா தொண்டையில சிக்கும். இதுல கட்டியே இல்லைங்க."

முதலாளி சிரிப்பை நிறுத்தினார். "அப்ப நாம ஏன் பேசிக்கிட்டு இருக்கோம்? திங்கிறவங்களைக் கேட்போம். டேய் பாலா, வண்டியை எடு!"

மறுநாள் காலை எங்கள் தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில், நானும் கோமதி மிஸ்ஸும் பார்த்துக்கொண்டு நிற்க, தகப்பனும் மகனும் தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தார்கள். பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயம்மா முதலில் தன் வாயில் போட்டுப் பார்த்தார். "சீனி கூடிப்போச்சு, முதலாளி. பச்சப்புள்ளைக்கு இவ்வளவா போடுவாங்க?" என்று அதட்டினார். "குறைச்சிருவோம்மா, ஏசாதீங்க" என்றார் அவர். முதல் குழந்தை அவர் சட்டையில் துப்பியது. அடுத்தது விழுங்கிவிட்டு, இன்னும் வேண்டுமென்று அவர் மீசையைப் பிடித்து இழுத்தது. பாலா சேரின் மடியில் இருந்த பெண் குழந்தையோ கிண்ணம் காலியான பிறகும் கரண்டியை விடவே இல்லை.

திரும்பும் வழியில் வண்டிக்குள், பதுளை நெருங்கும்போது பாலா சேர் என்னிடம், "சீனியைக் குறைங்க, தங்கச்சி. கராஜுக்கு வேற இடம் பார்க்கிறேன்" என்றார். கோமதி மிஸ் என் கையை அழுத்திப் பிடித்தார். "எனக்குக் கோவம் வராமலேயே ஒரு கம்பெனி நடக்கப்போகுது" என்றார் முதலாளி.

அவரை அறிந்தவர்களே, லொறிகளையும் கட்டடங்களையும் பற்றி நீங்கள் பேசுவீர்கள். என்னிடம் இருப்பது அந்தக் காலைப்பொழுது மட்டும்தான். ஒவ்வொரு கரண்டி ஊட்டும்போதும் அவர் தன் வாயையும் "ஆ" என்று திறந்தார். அது அவருக்கே தெரியாது. பக்கத்தில் பாலா சேரும் அப்படியே திறந்துகொண்டிருந்தார்.