கதவில் நான் போட்ட சாக்பீஸ் வட்டம்

ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம் பக்கம் போக வழி கேட்டு மூன்று பேர் எழுதியிருந்தீர்கள். அங்கே நான் செய்துவிட்டு வந்த காரியத்தைச் சொல்லாமல் வழியை மட்டும் சொல்ல மனசு வரவில்லை.

தொண்ணூறுகளின் தொடக்கம், ஜூலை மாதம். பிள்ளைகளுக்கு மனநோய் வரக்கூடிய காரணங்களை அளக்கும் ஓர் ஆய்வில் எனக்குக் கேள்வித்தாள் நிரப்பும் வேலை. வீட்டில் குடிப்பவர் உண்டா, சாவு நேர்ந்ததா, பிள்ளை அடி வாங்குகிறதா என்று இருபது கேள்விகள். நான்கு ‘ஆம்’ விழுந்தால், அடுத்த வாரம் ஆய்வை நடத்தும் டாக்டரம்மா அந்த வீட்டுக்கு வருவார்.

மதுரையில் காலை 5.40க்குப் பஸ். ஸ்ரீவில்லிபுத்தூர் 7.50. எழுபத்தைந்து கிலோமீட்டர், பதினொரு ரூபாய். வலப்பக்கம் உட்காருங்கள், வெயில் படாது, மலையும் தெரியும். தங்கியது ராஜபாளையத்தில், பதினொரு கிலோமீட்டர், இரண்டு ரூபாய். பால்கோவாவைப் பற்றி எழுத ஆயிரம் பேர் இருக்கிறார்கள், விட்டுவிடுகிறேன்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு தெரு, ஏழாவது வீடு. அம்மா மில் வேலைக்குப் போகிறவர். அப்பா போன வருடம் இறந்திருந்தார். பதின்மூன்று வயது மகள் அதிலிருந்து யாரிடமும் பேசுவதில்லை.

“சார், இதெல்லாம் வெளிய தெரியாதுல்ல?” என்றார் அந்த அம்மா.

“பேரே எழுத மாட்டோம்மா. நம்பர் மட்டுந்தான்” என்றேன், பெருமையாக.

நான்கு ‘ஆம்’ விழுந்தது. எல்லாக் கதவிலும் சாக்பீஸால் நம்பர் போடுவது வழக்கம். டாக்டரம்மா வீட்டைச் சுலபமாகக் கண்டுபிடிக்கட்டுமே என்று, அந்த நம்பரைச் சுற்றி ஒரு வட்டம் போட்டேன். தெருவிலேயே அது ஒன்றுதான் வட்டம். நாங்கள் எதற்கு வந்திருக்கிறோம் என்பதும் தெருவுக்குத் தெரியும். என் புத்திசாலித்தனத்தை நானே மெச்சிக்கொண்டு பஸ் ஏறினேன்.

அடுத்த வாரம் டாக்டரம்மாவோடு போனபோது வீடு பூட்டியிருந்தது. ஈரத்துணியால் துடைத்த வெள்ளைத் தடம் மட்டும் கதவில் இருந்தது. எதிர்வீட்டுப் பெண் என்னை அடையாளம் கண்டுகொண்டார்.

“நீங்க வட்டம் போட்டுட்டுப் போனதுல இருந்து, பள்ளிக்கூடத்துல அந்தப் பிள்ளைய லூசு லூசுன்னு கூப்பிட்டிருக்காக. அது போகவே மாட்டேன்னுட்டு. அந்த அக்கா பிள்ளையக் கூட்டிட்டு சோழபுரத்துல அண்ணன் வீட்டுக்குப் போய்ட்டாக.”

ராஜபாளையம் போய் டவுன் பஸ் மாறி சோழபுரம். நான் வரவில்லை என்று சொல்லிப் பார்த்தேன். டாக்டரம்மா விடவில்லை. அந்த அம்மா எங்களைத் திட்டவில்லை, குடிக்கத் தண்ணீர் கொடுத்தார். பிறகு என்னைப் பார்த்துக் கேட்டார்:

“பேரே எழுத மாட்டோம்னீகளே சார். உங்க தாள்ல பேர எழுதியிருந்தாக்கூட நாலு பேருதான் படிச்சிருப்பாக.”

டாக்டரம்மா கதவைச் சாத்திவிட்டு முதல் கேள்வியிலிருந்து மறுபடி கேட்டார். எழுதியது நான். சமீபத்தில் வீடு மாறியதா? ஆம். படிப்பு நின்றதா? ஆம். மற்ற பிள்ளைகள் கேலி செய்கிறார்களா? அதற்கு மகளே பதில் சொன்னாள். “ஆமா.” அவள் குரலை நான் கேட்டது அந்த ஒரு தடவைதான்.

நான்கு, ஏழாகியிருந்தது. பிள்ளைக்கு என்ன ஆபத்து என்று அளக்கப் போனவன் மூன்றைக் கூட்டிவிட்டு வந்திருந்தேன். இப்போது நினைத்தாலும் வெட்கத்தில் காது சுடுகிறது.

இந்த மாதிரி வேலையாகப் போகிறவர்களுக்கு: கேள்வி கேட்கும் முன் கதவைச் சாத்துங்கள். வழி மறந்துவிடும் என்றால் நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். சாக்பீஸ் வேண்டாம்.

நேரில் போய் மன்னிப்புக் கேட்டால் என்ன என்று கேட்பீர்கள். பல வருடம் கழித்து, இரண்டு முறை ஸ்ரீவில்லிபுத்தூரில் அந்தத் தெருமுனை வரை போனேன். அவள் இப்போது எங்கே என்று யாரிடமாவது கேட்க வேண்டும். அப்படிக் கேட்டால், அது நான் போடும் இரண்டாவது வட்டம். திரும்பி வந்துவிட்டேன்.