புளியில் கரைந்த ராஜா

பிழைக்க மலையாள தேசத்துக்கு வந்து தம்பானூரில் பஸ் இறங்கியபோது என் கையில் ஒரு மஞ்சள் பை மட்டும்தான். படிப்பு மூன்றாம் வகுப்போடு சரி. இன்று சாலைக் கடைவீதியில் பழைய செம்பு, பித்தளை என்றால் என் கடையைத்தான் கைகாட்டுவார்கள். ஆக்ரிக்கடை என்பார்கள் இங்கே. கண்ணை மூடிக்கொண்டு ஒரு தட்டுத் தட்டினாலே செம்பா, கலப்படமா என்று சொல்லிவிடுவேன். உள்ளதைச் சொல்ல என்ன கூச்சம்?

வாரம் ஒருமுறை ஒரு டீச்சர் வருவார். கல்லூரியில் சரித்திரம் நடத்தி ஓய்வுபெற்ற மலையாளி. விழிஞ்ஞம் கரையில் முன்பு ஒரு கோவில் இருந்தது, கடல் கொண்டுபோய்விட்டது என்பது அவர் கட்சி. கூட வேலை பார்த்தவர்கள் சிரித்தார்களாம். அதற்குச் சாட்சி தேடித்தான் என் செம்புக் குவியலைக் கிளறுவார். அந்தக் கால ராஜாக்களில் சிலர் காசின் ஒரு பக்கம் தங்கள் தலையையும் பேரையும், மறுபக்கம் கட்டிய கோவிலையும் அடித்துவைப்பார்களாம். சுவர் போனாலும் எத்தனை தூண் இருந்தது என்று காசு சொல்லுமாம்.

ஒருநாள் விழிஞ்ஞத்திலிருந்து வந்த உடைந்த குடத்தின் அடிமண்ணில், பச்சை பிடித்த ஒரு காசு. ஒரு பக்கம் தலை, சுற்றிலும் எழுத்து மாதிரி ஏதோ. மறுபக்கம் தூண்கள். சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை. டீச்சருக்குக் கொடுப்பதை அழுக்கோடா கொடுப்பது? எங்கள் தொழிலில் செம்பென்றால் புளிதான். வேலையாட்களிடம்கூட விடாமல், புளியும் உப்பும் வைத்து அரைமணி நேரம் நானே தேய்த்தேன்.

டீச்சர் அதை உள்ளங்கையில் வாங்கிக்கொண்டு வாசல் வெளிச்சத்துக்கு நகர்ந்தார்.

“அண்ணாச்சி, இத ஆரு கழுவினது?”

“நாந்தான் டீச்சர். பவுன் மாதிரி ஆயிட்டுல்லா?”

பூதக்கண்ணாடியை வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அந்தப் பச்சைக் களிம்பில்தான் தலையும் எழுத்தும் நின்றிருக்கின்றன. களிம்போடு அவையும் போய்விட்டன. மறுபக்கம் ஆழமாக அடித்திருந்ததால் கோவிலின் நாலு தூணும் கூரையும் தப்பித்தன.

“அம்பலம் உண்டு, அண்ணாச்சி. ராஜா போயி.”

இந்தக் கரையை ஆண்ட ராஜா அடித்ததா, வேறு தேசத்திலிருந்து கப்பலில் வந்ததா என்று இனி யாரும் சொல்ல முடியாது. பேரில்லாத காசைச் சாட்சியாக எடுக்கமாட்டார்கள். எத்தனை படை வந்தும் அழியாத பேரை ஒரு புளி உருண்டையில் அழித்தவன் இந்த ஊரில் நான் ஒருவன்தான். அவர் திட்டியிருந்தால் தேவலை. என் விரலிடுக்கில் ஒட்டியிருந்த புளியைப் பார்த்துவிட்டு, கை வலித்திருக்குமே என்றார். அவர் கண் நிறைந்திருந்தது.

மறுநாளே, விழிஞ்ஞம் முதல் கழக்கூட்டம் வரை எனக்குச் சரக்குப் போடும் அத்தனை பேருக்கும் போன் போட்டேன். காசு கிடைத்தால் மண்ணோடு கொண்டுவா, புளியைத் தொடாதே என்றேன். இப்போது கடையில் ஒரு டப்பா நிறைய அழுக்குக் காசுகள். அந்த ராஜா இன்னும் வந்து சேரவில்லை. டீச்சர் வந்தால் டப்பாவைத் திறந்து முன்னால் வைப்பேன். பிறகு என் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொள்வேன்.